விருந்தில் எதை ஊற்றுவது?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் பேச வந்தவர் வைன் போத்தலைப் பற்றிப் பேசப் போகிறாராம் என்று யாராவது முகம் சுளித்தால், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் குடிகாரனுமல்லன், குடிக்கச் சொல்லி உங்களைத் தூண்ட வந்தவனுமல்லன். கள்ளுண்ணாமைக்கென்று திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார் என்பதை, முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த நான் மறந்துவிடவுமில்லை. ஆனால் போன மார்கழியில், நெல்லியடியிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு நத்தார் விருந்து வைக்க நேர்ந்தது. கையிலுள்ள ஓய்வூதியக் காசுக்குள் வருகிறவர்களுக்கு எதை ஊற்றுவது என்ற கேள்வி எழுந்தது. சிறிய கேள்விதான். ஆனால் அது என்னை அறுபது வருடங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நாங்கள் சைவக் குடும்பம். என் இளைய மகள், பருத்தித்துறைக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நத்தார் தினத்தை அவர்கள் தங்கள் கோயிலிலும் வீட்டிலும் கொண்டாடிவிட்டு, அடுத்தநாள் இரவு எங்களிடம் வருவதாக ஏற்பாடு. எல்லாமாகப் பதினான்கு பேர். சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்க் கறி, இறால் பொரியல், புட்டு, இடியப்பம், சொதி என்று மனைவி முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டாள். "நத்தார் விருந்துக்கு வைன் இல்லாமல் எப்படி அப்பா?" என்று ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டபோதுதான் வில்லங்கம் தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, இந்த வீட்டு முன்வாசலாலை இண்டைவரைக்கும் ஒரு போத்தில் வந்ததில்லை" என்றாள் மனைவி.

உண்மைதான். முன்வாசலால் வரவில்லை. பின்வளவால் வந்தது. என் தகப்பனார் பின்னேரங்களில் கோடிப்புறத்துப் பனையடியில் குந்தியிருந்து, ஓலையில் கோலிய பிளாவில் கள்ளுக் குடித்ததை வீட்டில் எல்லோரும் அறிவோம். அறிந்தும் அறியாதவர்கள் போல நடந்துகொள்வோம். விடிந்தால் அவர் திருநீறு பூசிக்கொண்டு தேவாரம் பாடுவார். அதையும் இதையும் நாங்கள் சேர்த்துப் பேசுவதில்லை.

கள்ளென்றால் இப்படி வெட்கப்படுகிற நாங்கள்தான் வகுப்பறையில் புறநானூற்றைப் பெருமையோடு படிப்பிக்கிறோம். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு, அந்த நூலின் 235ஆம் பாட்டு. கள்ளுக் கொஞ்சமாகக் கிடைத்த நாளில் புலவருக்கே கொடுத்துவிட்டவன், நிறையக் கிடைத்த நாளில் கூட இருந்து அருந்தியவன் என்று சொல்லித்தான் அந்தப் புலம்பல் தொடங்குகிறது. அதே அதியமான், பெறுதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்ததை 91ஆம் பாட்டுச் சொல்கிறது. நெல்லியடிக்காரனாகிய எனக்கு அந்தப் பாட்டில் ஒரு தனி உரிமை உண்டென்று வகுப்பில் பகிடியாகச் சொல்வதுண்டு.

வெளிநாட்டு வைனும் எங்களுக்குப் புதியதன்று. பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தியதை 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் அகழ்வு நடத்தியபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வைன் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆக, அரசனுக்குக் கப்பலில் வந்தது, மற்றவர்களுக்கு மரத்திலிருந்து இறங்கியது என்ற பிரிவு இரண்டாயிரம் வருடத்துப் பழையது. எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கிலும் இதன் தடம் இருக்கிறது. மற்றவர்கள் திராட்சை என்பதை நாங்கள் முந்திரிகை என்போம். மற்றவர்கள் முந்திரி என்பது எங்களுக்கு மரமுந்திரிகை. பழைய கத்தோலிக்கத் தமிழிலும் வைன் என்பது முந்திரிகை இரசந்தான்.

சரி, காசுக்கு வருவோம். முதலில் நான் நினைத்தது கள்ளைத்தான். மலிவானது, ஊரில் விளைவது, எங்கள் உறைப்புக் கறிக்குத் தோதானது. கள்ளில் மதுசாரம் ஏறக்குறைய 5 வீதம். வைனில் 11 முதல் 14 வீதம் வரை. இப்படி எண்ணிக்கொண்டு நெல்லியடிச் சந்தைக்குப் போனபோது, என்னோடு ஒன்றாகப் படித்து, பிற்காலத்தில் ஒரே பாடசாலையில் ஒன்றாகப் படிப்பித்து, ஒரே வருடத்தில் ஓய்வுபெற்ற நண்பரைக் கண்டேன். அவருடைய தகப்பனார் சீவல் தொழிலாளி. எங்கள் காணிப் பனைகளைச் சீவியவரும் அவர்தான்.

என் யோசனையைக் கேட்டு நண்பர் சிரித்தார். "மார்கழியிலை ஏது மாஸ்ரர் பனங்கள்ளு? தை பிறந்து பாளை தள்ளவேணும். இப்ப போனால் தென்னங்கள்ளுத்தான். அதையும் வாங்கி இரவு மட்டும் வைச்சிருந்தால் புளிச்சுப் போகும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பனைகளுக்கு நடுவே பிறந்தவன் நான். பனங்கள்ளின் காலத்தைக் கூட மறந்துவிட்டேன். அவர் நின்ற இடத்திலேயே எனக்குப் பாடம் நடத்தினார். பாளையிலிருந்து வடியும் நீர் இனிப்பானது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் அது புளிக்காது, கருப்பநீராகவே இருக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சித்திரை வெயிலில் மாங்காய்த் துண்டு போட்டுக் குடித்தால் அமிர்தம். சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவங்கள் சீனியை மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். சில மணித்தியாலங்களிலேயே அது கள்ளு. முந்திரிகைச் சாறு வைனாவதும் இதே வித்தைதான். வாரக்கணக்கில் நடப்பது இங்கே ஒரு பகலில் நடந்துவிடுகிறது.

"அப்பு ஒரு நாளைக்கு இருபது மரம் ஏறுவார். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரம் ஐம்பது அடி என்றாலும், நாற்பது தடவைக்கு 2,000 அடி. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 8,200 அடிக்குச் சற்று மேல். அந்த மனிதர் ஏறக்குறைய நாலு நாளுக்கு ஒருமுறை, தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, அந்த மலை உயரத்துக்கு ஏறியிருக்கிறார். பிரான்சிலிருந்து வரும் போத்தலில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, செய்தவர் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்கிறது. எங்கள் கள்ளின் பேரில் யாருடைய பெயரும் இருந்ததில்லை.

கள்ளு இல்லையென்று ஆனபின் வைனுக்கு வந்தேன். மகன் பிரெஞ்சுச் சிவப்பு வைன் நல்லது என்றான். கடையில் விலையைக் கேட்டதும் வாய் திறக்க முடியவில்லை. இறக்குமதி வரி, மதுவரி, கப்பற்கூலி, கண்ணாடிப் போத்தல் எல்லாவற்றுக்கும் போனபின், மலிவான இறக்குமதிப் போத்தலில் உள்ளே இருக்கும் சரக்குக்கு நாம் கொடுக்கும் காசு மிகச் சிறியதுதான். அதுவுமல்லாமல், துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் எங்கள் ஆட்டிறைச்சிக் கறியோடு சேராது. மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டும். துவர்ப்பு கசப்பாக மாறும். உறைப்புச் சாப்பாட்டுக்கு இனிப்புச் சற்றே உள்ள, மதுசாரம் குறைந்த, குளிர்ந்த வைன்தான் பொருந்தும். ஜெர்மனியின் ரீஸ்லிங், இத்தாலியின் மொஸ்காட்டோ என்பவை அப்படிப்பட்டவை. கொழும்பில் வேலை செய்யும் மருமகன் ரீஸ்லிங் ஒரு போத்தல் கொண்டுவருவதாகச் சொன்னார். திருகு மூடிப் போத்தலாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். திருகு மூடி மட்டமான சரக்கின் அடையாளம் என்பது பிழையான எண்ணம். அவுஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் நல்ல வைனுக்கும் அதையே போடுகிறார்கள். எங்கள் வீட்டிலோ தக்கை திருகி கிடையாது.

மற்றப் போத்தல்களுக்கு நான் தூரம் போகவில்லை. வசாவிளானுக்கு அருகிலுள்ள தோலகட்டியில், தோமஸ் அடிகளார் 1928ஆம் ஆண்டு தோற்றுவித்த செபமாலைத் துறவியரின் ஆச்சிரமம் இருக்கிறது. மௌனமும் செபமும் உழைப்புமாக வாழும் அந்தத் துறவியரின் கைவேலைதான், யாழ்ப்பாணத்தார் 'தோலகட்டி வைன்' என்று சொல்லும் முந்திரிகை இரசம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். இத்தனை அலைச்சலுக்குப் பின்னும் அந்தப் பெயர் யாழ்ப்பாணத்தில் மறக்கப்படவில்லை. வைன் நிபுணர்கள் அதற்கு எத்தனை புள்ளி போடுவார்களோ, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இனிப்பானது, எங்கள் கறிக்குப் பொருந்துவது, கைக்கு எட்டும் விலை. இரண்டு போத்தல் வாங்கினேன். 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் அளவாக ஊற்றினால் ஐந்து கிளாஸ் வரும். குடிக்கக் கூடியவர்கள் ஆறு பேர். மூன்று போத்தல் தாராளம்.

பணம் கொடுக்கும்போதுதான் மகளின் நினைவு வந்தது. அவள் அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு மதுசாரம் ஒரு சொட்டும் கூடாது. தோலகட்டித் துறவியரின் நெல்லி ரசமும் பேர்போனதுதான். அதையும் இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டேன்.

நேயர்களே, இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்லப்போவதைச் சொல்வதா விடுவதா என்று பலநாள் யோசித்தேன்.

விருந்துக்கு அந்த நண்பரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தேன். சம்பந்தியாருக்கும் அவர் நெடுங்காலப் பழக்கம். பலமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். திண்ணையிலும் இருந்திருக்கிறார், உள்ளே கதிரையிலும் இருந்திருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் அவர் எதையும் குடித்ததில்லை. தேநீர் கொண்டுவந்தால், "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். இளநீர் வெட்டினால், "சளி பிடிச்சிருக்கு" என்பார். ஐம்பது வருடத்துக்கு மேலாக இதே பதில். ஏனென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

1966ஆம் ஆண்டு. எங்களுக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் மத்தியான வெயிலில் அவர் என்னிடம் கணக்குப் புத்தகம் வாங்க வந்தார். வளவு வாசலில் நின்றுகொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா" என்று கேட்டார். நான் ஓடிப்போய் மூக்குப்பேணியில் தண்ணீர் எடுத்துவந்தேன். அப்பாச்சி குறுக்கே வந்து பேணியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு, செம்போடு வந்தார். "கையை ஏந்து மோனை" என்றார். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். அப்பாச்சி உயரத்திலிருந்து ஊற்றினார். அவர் குடித்தார். முழங்கை வழியாக வழிந்த தண்ணீர் அவருடைய வெள்ளைச் சேட்டை நனைத்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வகுப்பில், அதுவரை என்னை 'நீ' என்று அழைத்தவர், 'நீங்கள்' என்றார். இன்றுவரை அப்படித்தான்.

அப்பாச்சி கெட்டவர் அல்லர். யாரையும் பசியோடு போக விட்டதில்லை. அன்று பின்னேரமும் அந்தப் பிள்ளையின் தகப்பனார் இறக்கிய கள்ளைத்தான் அவருடைய மகன், அதாவது என் தகப்பனார், குடித்தார். முட்டிக்குத் தீட்டில்லை, முட்டியைச் சுமந்தவருக்குத்தான் தீட்டு. இதை எந்த வகுப்பில் எந்தப் பாடத்தோடு சேர்த்து நான் படிப்பித்திருக்க முடியும்?

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனாலும் தேநீர்க்கடைகளில் சிலருக்குப் பேணி, சிலருக்குப் போத்தல் அல்லது சிரட்டை என்ற வழக்கம் போகவில்லை. 1960களின் பிற்பகுதியில் குடாநாட்டின் பல ஊர்களில், நெல்லியடியிலுந்தான், தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. எல்லோரும் குடிக்கிற பாத்திரத்தில் ஒரு பேணி தேநீர் குடிப்பதற்காக மனிதர்கள் அடிபட வேண்டியிருந்தது. கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலை நான் பலருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். நண்பரிடம் மட்டும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

விருந்து இரவு வந்தது. வீட்டிலிருந்த கிளாஸ்கள் ஒரேமாதிரியானவையல்ல. மனைவி அன்று பின்னேரம் கடைத்தெருவுக்குப் போய், காலில்லாத சாதாரணக் கண்ணாடிக் கிளாஸ் பதினான்கு, எல்லாம் ஒரே அச்சில், வாங்கிவந்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவளாகவே செய்தாள். வைனுக்குச் செலவழித்ததிலும் அதற்குச் செலவழித்தது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மருமகன் ரீஸ்லிங்கைத் திறந்தார். கானாவூர்க் கலியாணக் கதையைச் சம்பந்தியார் பகிடியாக எடுத்துவிட்டார். நல்ல இரசத்தை முதலில் கொடுத்து, ஆட்கள் நன்றாகக் குடித்தபின் மட்டமானதைக் கொடுப்பதுதானே உலக வழக்கம் என்று அங்கே பந்தி விசாரித்தவன் வியந்தானாம். "எங்கடை வீட்டிலை இரண்டும் நல்லதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நண்பரின் முறை வந்தது. மருமகனுக்கு இந்தக் கதையொன்றும் தெரியாது. "மாஸ்ரர், உங்களுக்கு எது?" என்று கேட்டார்.

"நான் குடிக்கிறேல்லைத் தம்பி. அப்பு மரத்தாலை விழுந்தபிறகு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் தொடுறேல்லை" என்றார் நண்பர்.

"அப்ப நெல்லி ரசம் தரட்டோ? வீட்டுக்காரிக்கும் அதுதான்."

அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. சளி என்றோ, இப்பதான் குடித்தேன் என்றோ சொல்வார் என்று நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதலிலை கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார்.

மருமகன் எழும்பப் போனார். நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். குசினிக்குப் போய், மண்பானைத் தண்ணீரை அந்தப் புதுக் கிளாஸில் நிறைத்து எடுத்துவந்தேன். கை சற்று நடுங்கியிருக்க வேண்டும்; கொஞ்சம் சிந்தியது. இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கி, வாயை வைத்து, முழுவதையும் குடித்தார். வெறும் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "இனி நெல்லி ரசத்தை விடுங்கோ தம்பி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு என்ற சொல் அங்கே பேசப்படவில்லை. அறுபது வருடத்துக் கணக்கு ஒரு கிளாஸ் தண்ணீரில் தீர்ந்துவிட்டதென்று நான் நம்பவுமில்லை. விடைபெறும்போதும் அவர், "போட்டு வாறன், நீங்கள் படுங்கோ" என்றார். அந்த 'நீங்கள்' போகவில்லை.

நேயர்களே, பண்டிகை விருந்துக்கு மலிவாக வைன் தெரிவுசெய்வது எப்படி என்று என்னைக் கேட்டால், நான் சொல்லக்கூடியது இதுதான். குடிக்கிறவர்களை எண்ணுங்கள், ஒரு போத்தல் ஐந்து கிளாஸ். உறைப்புக் கறியென்றால் சற்று இனிப்பானதை எடுங்கள். வெள்ளை வைனைச் சில மணித்தியாலம் குளிரவிடுங்கள். எங்கள் வெக்கைக்குச் சிவப்பையும் அரை மணித்தியாலம் குளிரவிடலாம். போயா தினத்தில் மதுக்கடை திறக்காது. கடைசிநாள் வரை நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்கு ஊற்றாதீர்கள். ஊரில் செய்ததை முதலில் பாருங்கள். செய்தவர் யாரென்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, குடியாதவர் யாரென்று பாருங்கள். அவருக்கு எதை, எந்தப் பாத்திரத்தில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அதியமானிடம் கள்ளும் இருந்தது, நெல்லிக்கனியும் இருந்தது. வந்தவருக்கு எது வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் நெல்லியின் பெயர் இருந்தும், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

தை பிறந்து பாளை தள்ளியபின், நண்பர் ஒருநாள் காலையில் வந்தார். கையில் ஒரு முட்டி. உள்ளே கருப்பநீர். மாங்காயும் கொண்டுவந்திருந்தார். புதுக் கிளாஸில் ஊற்றப் போன மனைவியை அவரே தடுத்தார். ஓலை கிழித்து இரண்டு பிளாக் கோலினார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. முன்திண்ணையில் இருந்து குடித்தோம்.